அளவு பார்க்காத கடை

என் அம்மா கஸ்தூரி அறுபத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து இறந்தாள். அவள் தினமும் ரத்த அழுத்தம் பார்த்துவந்த மிஷின் தப்பாகக் காட்டியிருக்கிறது. அது ஆவடியில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கியது. ‘எங்கள் தப்பு’ என்று அந்தக் கடைக்காரர்களைச் சொல்லவைக்க வேண்டும் என்றுதான் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கடையோடு அம்மா போட்ட சண்டையைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

அம்மா செய்யாறிலிருந்து கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். அப்பா சுப்பராயன் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தார். எனக்கு எட்டு வயதாகும்போது மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அம்மாவுக்கு அங்கேயே தையல் பிரிவில் வேலை கிடைத்தது. இருபத்தேழு வருடம் அவள் செய்தது ஒரே வேலை. சட்டையின் உடலோடு கையை இணைப்பது. காலர் வேறு ஒருத்தி, பாக்கெட் வேறு ஒருத்தி. அம்மாவுக்குக் கை மட்டும். அரை சென்டிமீட்டர் தப்பினால் ஆய்வாளர் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மாவுக்கு அப்படித் திரும்பி வந்தவை மிகக் குறைவு. எந்த மாதம், எந்த ஷிஃப்ட், யார் வெட்டிக் கொடுத்த துணி என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் சொல்வாள்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பட்டாபிராமில் ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு போனாள். நான் வானகரத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வகத்தில் வேலை. பிரஷர் கேஜ்தான் என் பிரிவு. அதாவது, ஒரு கருவி காட்டும் அழுத்தம் உண்மையா பொய்யா என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கடையின் பெயர் நேயக்கரம். ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பழைய குடோன். வானகரம், நூம்பல் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு அவர்களுடைய வேன் போகும். ஐ.டி.யில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு வேண்டாததைப் பையில் கட்டிக் கீழே வைப்பார்கள். அது இங்கே வந்து விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். திறப்பது புதனும் சனியும் மட்டும், பத்தரைக்கு. ஒன்பதே முக்காலுக்கே வரிசை நிற்கும். பையை வெளியே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே துணியைப் போட்டுப் பார்க்க இடம் கிடையாது. மின்சாரச் சாமானைப் போட்டுப் பார்க்க ஒரு பிளக் பாயின்ட் உண்டு, கவுன்டருக்குப் பின்னால். அதில் ரகுநாதனின் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

ரகுநாதன்தான் கடைக்குப் பொறுப்பு. ஏதோ கம்பெனியில் நிர்வாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் சேவை செய்கிறார். அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லவும் செய்வார்.

அம்மாவுக்கு அந்தக் கடைமேல் முதல் கோபம், துணியை அளவு வாரியாக அடுக்காமல் நிறம் வாரியாக அடுக்கியிருந்தது. சிவப்பு ஒரு ரேக். அதில் பொடிப்பையன் டிராயரும் பெரியவர் ஸ்வெட்டரும் பக்கத்துப் பக்கத்தில்.

“ஏன் சார், நிறத்தையா ஒடம்புல மாட்டுறோம்? அளவு பாத்து அடுக்கக் கூடாதா?”

“பார்க்க நீட்டா இருக்கும்மா. டோனர்ஸ் வந்து போட்டோ எடுக்கிறாங்க.”

“அவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. நாப்பது இஞ்சு மார்புக்குச் சட்டை வேணும்னு வந்தவன் எங்க தேடுவான்? பச்சையிலயா மஞ்சள்லயா?”

“நான் சம்பளம் இல்லாம சேவை பண்றேம்மா.”

“சம்பளம் வாங்கினுதான் ஒழுங்கா அடுக்குங்களேன்.”

இதை அம்மா எனக்குப் போனில் சொல்வாள். சனிக்கிழமை மதியம் அவள் போன் வந்தால் முதல் கால் மணி நேரம் நேயக்கரம்தான். அளவுச்சீட்டுக்கு மேலேயே விலைச்சீட்டை ஒட்டுகிறார்கள். கிழிசலுக்கு மேலேயும் ஒட்டுகிறார்கள். அதைப் பிரித்தால் ‘சீட்டு பிரித்த பொருளுக்கு முழு விலை’ என்கிறார்கள். இரண்டும் இடது கால் செருப்பு, நூலால் ஜோடியாகக் கட்டியிருக்கிறது. நல்ல சாமான் எதுவும் ரேக்குக்கே வருவதில்லை, வேன் வந்ததும் உள்ளே வேலை செய்கிறவர்கள் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். புதன் அன்று எண்பது ரூபாயாக இருந்த திரைச்சீலை சனியன்று நூற்று இருபது. ‘யாரோ கையில எடுத்துப் பாத்தாங்களாம். அதான் ஏத்திட்டானாம்டி.’

ஜோடி சேர்ப்பதுதான் அந்தக் கடையின் பெரிய வித்தை. மூட்டையில் வரும் சாமான் பிரிந்து பிரிந்து வரும். மூடி தனி, டப்பா தனி. ரிமோட் தனி, டி.வி. தனி. பின்னறையில் உட்கார்ந்து, எது எதோடு பொருந்துகிறதோ அதை அதோடு சேர்த்து டேப் ஒட்டி வெளியே அனுப்புவார்கள். அம்மா ஒரு மிக்ஸி ஜார் வாங்கினாள். வீட்டுக்கு வந்து சட்னி அரைத்தால் மூடி எகிறிச் சுவரெல்லாம் தேங்காய். அடுத்த புதன் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

“இந்த மூடி இந்த ஜாருக்கு இல்ல சார்.”

“டேப் ஒட்டி ஒரே செட்டாத்தானேம்மா இருந்துச்சு?”

“டேப் ஒட்டுனா செட்டாயிடுமா? ஒன்னையும் என்னையும் டேப் போட்டு ஒட்டுனா புருஷன் பொண்டாட்டியா?”

வரிசை மொத்தமும் சிரித்ததாம். ரகுநாதன் ஜாரை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அம்மாவைக் கண்டால் அவர் முகம் மாறிவிடும்.

பிறகு ஒரு பேன்ட் விவகாரம். எங்கள் தெரு வேம்புலி தாத்தாவுக்காக ஒரு பேன்ட் வாங்கினாள். இடுப்பை மூன்று அங்குலம் பிடித்துத் தைத்தாள். தைத்து முடித்து விலைச்சீட்டை உரித்தால் அடியில் சிகரெட் சுட்ட ஓட்டை. திருப்பிக் கொண்டுபோனதற்கு ரகுநாதன், “நீங்க தைச்சிட்டீங்களேம்மா, இனி இது எங்க பொருள் இல்ல” என்றார். அம்மா அன்று கத்தியது மார்க்கெட் வரை கேட்டிருக்கும். அடுத்த வாரம் கவுன்டருக்கு மேலே புது போர்டு தொங்கியது. ‘திருத்தித் தைத்த பொருட்கள் எக்காரணம் கொண்டும் மாற்றித் தரப்படமாட்டா.’

“எனக்குன்னே போர்டு எழுதியிருக்கான்டி” என்றாள். கோபம்தான். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நானும் அந்தக் கடையில் மாட்டிக்கொண்டேன். எங்கள் அடுக்குமாடியில் வைத்த பையில் ஒரு நீல குர்தாவைப் போட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து அம்மா அதை அங்கே நூறு ரூபாய் கொடுத்து வாங்கிவந்தாள். ‘பக்கவாட்டுல நான் போட்ட தையல் எனக்குத் தெரியாதா? ஒன்ன வளத்த காசு பத்தாதுன்னு, இதுக்கு ரெண்டாவது தடவை குடுத்துட்டு வந்திருக்கேன்.’ ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு எரிச்சலா இருந்தா ஏம்மா போற?” என்று கேட்டேன்.

“நல்ல துணிடி. அளவு சேரலன்னு சும்மா கெடக்குது. புடிச்சித் தெச்சா ஆகுற வேலை. பாத்துட்டு எப்பிடி வர்றது?”

இதுதான் அம்மா. எது பெரிதாக இருந்தாலும் பிடித்துத் தைப்பாள். சட்டை, தலையணை உறை, ஸ்கூல் பை, ஸ்கூட்டர் சீட் கவர். பட்டாபிராமில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நேயக்கரத்தில் வாங்கி அம்மா குறுக்கிய துணியில்தான் நடமாடினார்கள்.

ஜனவரியில் அவளுக்குத் தலை கனக்கிறது என்று டாக்டரிடம் போனோம். இரண்டு மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே தினமும் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொன்னார். புது மிஷின் வாங்கித் தருகிறேன் என்றேன். சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

“வாங்கிட்டேன். முன்னூத்தம்பது. கடையில ரெண்டாயிரம் சொல்றான்.”

“நேயக்கரத்துலயா? வேலை செய்யுதா?”

“லைட்டு எரியுது. நம்பர் வருது.”

“சரி” என்றேன்.

நான் கேட்டது அவ்வளவுதான். எங்கள் ஆய்வகத்துக்கு யாராவது ஒரு கேஜை எடுத்துவந்து ‘முள் நகருது சார், சான்றிதழ் கொடுங்க’ என்றால் சிரித்திருப்பேன்.

தினமும் காலை ஏழு பத்துக்குப் போன் வரும். அம்மா இரண்டு எண்கள் சொல்வாள். நான் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பேன். வரைபடம் போட்டேன். ஏழு நாள் சராசரி போட்டேன். கோடு அழகாக இறங்கியது. ஏப்ரலில் ஒருநாள் அம்மா கேட்டாள்.

“நூத்தி இருவத்தாறு, எழுவத்தெட்டு. ஏண்டி, அந்த ராத்திரி மாத்திர போட்டா காலு வீங்குது. நிறுத்திரவா? நம்பருதான் நல்லா கீதே.”

நான் வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டு மாதமாக நூற்று முப்பதைத் தாண்டவே இல்லை.

“நிறுத்திப் பாரும்மா” என்றேன்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி ஏழு பத்துக்குப் போன் வரவில்லை. ஏழரைக்கு நான் அடித்தேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு சபீனாவை அனுப்பினேன். கதவு தாழிடாமல்தான் இருந்தது. அம்மா சமையலறையில் விழுந்து கிடந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேச்சு வரவில்லை. போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தினேன். பிரஷர் மிஷின் பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது. கையில் சுற்றும் பட்டையை எடுத்ததும் ஏதோ தடித்தது. துணி ஓரிடத்தில் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அதே கறுப்பு நூல், அதே நெருக்கத்தில் தையல். கம்பெனியில் தைத்ததா வீட்டில் தைத்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. விரலால்தான் தெரிந்தது. இரண்டு அங்குலம் மட்டும் பிரித்தேன். மடிப்புக்குள் அச்சடித்த எழுத்து இருந்தது. பெரிய அளவு. 32–42 செ.மீ.

அந்த எண் கை சுற்றளவு. அதாவது இந்தப் பட்டை பருமனான கைக்கானது. அம்மாவின் அளவு ஜாக்கெட்டை எடுத்துக் கையை அளந்தேன். இருபத்து மூன்று.

படித்தவர்கள் பலருக்கும் தெரியாத விஷயம் இது. பட்டைக்கு உள்ளே ஒரு காற்றுப் பை இருக்கிறது. கை சிறியதாகவும் பை பெரியதாகவும் இருந்தால் மிஷின் குறைத்துக் காட்டும். வெளித்துணியைப் பிடித்துத் தைத்தால் பை சிறியதாகிவிடாது. அம்மா பட்டையைச் சட்டைக் கை மாதிரி நினைத்திருக்கிறாள். தொளதொளவென்று இருந்தது, பிடித்துத் தைத்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே எழுதியிருந்த எச்சரிக்கை மடிப்புக்குள் போய்விட்டது.

மிஷினை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். என் கையும் ஏறக்குறைய அம்மா கை அளவுதான். சரியான பட்டையில் பத்து முறை, அம்மா பட்டையில் பத்து முறை மாறி மாறிப் பார்த்தேன். சராசரி வித்தியாசம் பதினேழு. நூற்று இருபத்தாறு என்று அவள் சொன்ன அன்று, நூற்று நாற்பத்து மூன்று வாக்கில் இருந்திருக்கும். அதற்குத்தான் ‘சூப்பர்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாத்திரை குறைந்தது. அதன் பிறகு எவ்வளவு என்று கணக்கிட என்னிடம் தரவு இல்லை.

மறுநாளே சனிக்கிழமை. போனேன்.

ஒன்பதரைக்கே போய் வரிசையில் நின்றேன். முன்னால் முப்பது பேர். பத்தரைக்குத் திறக்க வேண்டிய ஷட்டர் பத்து ஐம்பதுக்குத் திறந்தது. பையை வெளியே கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்க மாட்டேன் என்றேன், உள்ளே மிஷின் இருக்கிறது. பையோடு உள்ளே விட முடியாது என்றார் வாசலில் நின்றவர். மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்தேன். ‘கையில என்ன? உள்ள இருந்து எடுத்ததுன்னு சொல்லுவாங்க, சீட்டு ஒட்டணும்’ என்று அம்மாவின் மிஷின்மேல் பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

ரகுநாதன் டேபிள் ஃபேன் முன்னால் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பட்டையைக் காட்டினேன். எண்களைச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

“மேடம், நாங்க செக் பண்ணாம எதையும் விக்கிறதில்ல.”

“என்ன செக் பண்ணீங்க?”

“பேட்டரி போட்டுப் பார்ப்போம். லைட் எரியுதா, நம்பர் வருதா.”

“நம்பர் சரியா?”

“அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சம்பளம் இல்லாம...”

“எங்கம்மா செத்துட்டாங்க சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “யாரு?”

“கஸ்தூரி. டைலர்.”

அவர் ஃபேனை நிறுத்தினார். பிறகு, “ஒரு மாசமா சத்தத்தையே காணோமேன்னு பார்த்தேன்” என்றார். அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது கிண்டலாகக் கேட்டது. யார் இந்தப் பட்டையை இந்த மிஷினோடு சேர்த்தது, அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். அவர் பின்னறையைக் காட்டினார்.

பின்னறையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல பருமன். மடியில் பிளாஸ்டிக் மூடிகள். பெயர் அஞ்சலை. நான் பட்டையை நீட்டியதும் தையலைத்தான் பார்த்தார்.

“ஐய, இது டைலரம்மாது. நீ பொண்ணா? ஒன்னப் பத்திச் சொல்லுமே. மிஷினு டெஸ்ட் பண்ற வேலைன்னு. அம்மா நல்லா கீதா?”

சொன்னேன். அவர் மடியிலிருந்த மூடிகள் தரையில் உருண்டன. “அய்யோ அய்யோ” என்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் விடவில்லை.

“இத நீங்கதான சேர்த்தீங்க? இதுல அளவு போட்டிருக்கில்ல? பாக்க மாட்டீங்களா?”

“எனுக்கு இங்கிலீஸு படிக்கத் தெரியாதும்மா. ஒரே பையில ரெண்டு மிஷினு, ரெண்டு பட்டை வந்துச்சு. டியூப்பு முனை ரெண்டு மிஷினு தொளையிலயும் போவுது. ஒண்ணுக்கு ஒண்ணு போட்டேன். லைட்டு எரிஞ்சிது.”

“லைட்டு எரிஞ்சா போதுமா? ஒரு உயிரு போயிருக்கு.”

“நீ கத்து. கத்தினா ஒனக்கு ஆறும்னா கத்து. ஆனா நான் சொல்றதயும் கேளு. வாங்கினு போன மறு புதனே ஒங்கம்மா வந்துச்சு. பட்டை லொடலொடன்னு கீது அஞ்சலன்னுச்சு. சின்னது ஒண்ணு எங்கிட்ட கீதும்மா, மாத்திக்கோன்னேன்.”

“மாத்தித் தரேன்னு சொன்னீங்களா?”

“என் பொண்ணு மேல சத்தியமா சொன்னேன். அதுக்கு, ‘நான் ராத்திரியே புடிச்சித் தெச்சிட்டேனே, தெச்சத மாத்த மாட்டேன்னு ஒங்க சாரு போர்டு மாட்டி வச்சிகிறாரே’ன்னுச்சு. சாருக்குத் தெரியாம மாத்திக்கினு போயேன்னேன். ‘அவன்கிட்ட திருட்டுத்தனமா மாத்துற அளவுக்கு நான் கெட்டுப் போவல. கையில எப்பிடி ஒக்காந்துகினு கீது பாரு’ன்னு போட்டுக் காட்டுச்சு. இன்னாமா தெச்சிருந்துச்சு! நானே அசந்துட்டேன்.”

நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அம்மா அப்படியேதான் சொல்லியிருப்பாள். ஒரு வார்த்தை கூட அஞ்சலை சேர்த்துச் சொன்னதாகத் தோன்றவில்லை. எனக்கு அந்த நிமிடம் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்தப் போர்டை எழுதிய ரகுநாதன் வெளியே இருந்தார். எழுத வைத்தவள் போய்விட்டாள்.

“அந்தச் சின்னப் பட்டை எங்க?” என்று கேட்டேன்.

“தோ. அந்த மிஷின நான்தான் வச்சிகினு கீறேன். எனுக்கும் பிரஷர்தான். சாரு என்னையே எடுத்துக்கச் சொன்னாரு.”

ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 22–32. அம்மாவின் கைக்கு அளவெடுத்தது மாதிரி.

“இத எப்படிப் போட்டுக்கிறீங்க? சுத்தாதே.”

“பத்தாதுதான். மேல ஒரு நாடா போட்டுக் கட்டிப்பேன்.”

கட்டிக் காட்டினார். பட்டையின் ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சுடிதார் நாடா. மூடிகளுக்கு விட்டம் பார்க்க அங்கே ஒரு அளவு டேப் இருந்தது. அவர் கையை அளந்தேன். முப்பத்தாறு.

“எவ்வளவு காட்டும்?”

“எப்பவும் நூத்தி நாப்பது, நாப்பத்தஞ்சு. கிளினிக்ல நம்பரு எழுதுன சீட்டக் காட்டுவேன், டாக்டரு அத மட்டுந்தான் பாப்பாரு. மொதல்ல ஒரு மாத்திர குடுத்தாரு. கொறையலன்னு ரெண்டு. இப்ப மூணு. மூணும் முழுங்கியும் கொறையல. போன மாசம் பஸ் ஸ்டாப்புல மயக்கம் போட்டு வுழுந்துட்டேன்.”

சின்னப் பட்டை பெரிய கையில் கூட்டிக் காட்டும். ஒரே பையிலிருந்து வந்த இரண்டு பட்டைகள். ஒன்று ஒருத்திக்கு மாத்திரையைக் குறைத்தது. மற்றது இன்னொருத்திக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது.

அதை அவருக்கு விளக்கினேன். இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார். சட்டென்று ஒரு பிளேடை எடுத்தார்.

“அப்ப ஒங்கம்மாது எனுக்குத்தான் செட்டு. தெச்சத மட்டும் பிரிச்சிட்டா சரியாப் பூடும், இல்ல?”

சரிதான். பிரித்தால் பொருந்தும். பட்டையில் வேறு பழுது எதுவும் இல்லை.

“தொடாதீங்க” என்றேன். பிடுங்கிக்கொண்டேன். “நீங்க அந்த மிஷின்ல இனிமே பாக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ரகுநாதன் ஏதோ சொல்ல எழுந்தார். நான் நிற்கவில்லை. வாசலில் என் கையிலிருந்த மிஷினின் ஸ்டிக்கரைச் சரிபார்த்த பிறகுதான் பையைக் கொடுத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அந்த ஆவேசம் அடங்கவில்லை. ஆய்வகத்தில் யாரோடும் பேசவில்லை. கடைக்காரர்கள்மேல் புகார் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் பொருள், எந்தத் தேதி, என்ன குறை என்று எழுதினேன். பொருளில் செய்யப்பட்ட மாற்றங்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கருவியைச் சரிபார்த்தவர் யார் என்று யாராவது கேட்டால் அதற்கும் நான்தான் பதில் எழுத வேண்டும். அழித்துவிட்டேன். அம்பத்தூரில் ஒரு சர்ஜிக்கல் கடையில் பெரிய அளவுப் பட்டை புதிதாக ஒன்று சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை மறுபடி வரிசை. மறுபடி டோக்கன். பாக்கெட் பிரிக்காத பட்டையை ரகுநாதனிடம் நீட்டி, அஞ்சலையைக் கூப்பிடச் சொன்னேன்.

“டொனேஷன் செவ்வாய், வியாழன்தான் மேடம். பின் கேட்ல. ஃபார்ம் இருக்கு.”

“இது டொனேஷன் இல்ல.”

“பொருள் உள்ள வந்தா என்ட்ரி போடணும். அது ரூல்.”

“ரூலா? ரெண்டு லெஃப்ட் கால் செருப்பைக் கட்டி விக்கிறீங்களே, அதுக்கு என்ன ரூல்? அந்தம்மா மூணு மாத்திரை முழுங்கிட்டு எந்த பஸ்ல அடிபடுவாங்கன்னு தெரியல, நீங்க என்ட்ரி போட்டுட்டு இருங்க.”

பின்னால் வரிசையில் ஒரு கிழவர், “யாருப்பா இது?” என்றார். “டைலரம்மா பொண்ணாம்” என்றது இன்னொரு குரல். “அதானே பாத்தேன்.”

அஞ்சலை சத்தம் கேட்டு வந்துவிட்டார். கவுன்டருக்குப் பின்னால் இருந்த ரகுநாதனின் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். ரகுநாதன் தடுக்கவில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். அஞ்சலைக்கு அது கஷ்டமாக இருந்தது. பின்னறையிலிருந்து அவருடைய மிஷினை எடுத்துவந்து, புதுப் பட்டையை மாட்டி அவர் கையில் சுற்றினேன். முழுதாகச் சுற்றியது. இரண்டு விரல் உள்ளே போனது. பட்டனை அமுக்கினேன். மிஷின் உறுமியது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நூற்று நான்கு, அறுபத்திரண்டு. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி பார்த்தேன். நூற்று இரண்டு.

“இன்னாம்மா, கொறச்சலா கீது?”

“குறைச்சல்தான். மூணு மாத்திரை போட்டா குறையாம என்ன பண்ணும்? அதான் மயக்கம் வந்திருக்கு.”

அவருக்கு முகம் மலர்ந்தது. “அப்ப எனுக்கு அவ்ளோ ஒண்ணும் இல்லயா? ராத்திரி மாத்திரய நிறுத்திரவா?”

“நீங்களா நிறுத்தாதீங்க!”

கடை முழுக்கத் திரும்பியது. சிவப்பு ரேக்கில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டாள். அவ்வளவு சத்தம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஏப்ரல் மாதம் காலை ஏழு பத்துக்கு இந்த இரண்டு வார்த்தைகளைச் சாதாரணக் குரலில் சொல்லியிருந்தால் போதும்.

அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் ரகுநாதனிடம் பேனா கேட்டேன். அவர் அறக்கட்டளை லெட்டர்பேடையே சேர்த்துக் கொடுத்தார். இரண்டு பட்டையிலும் பார்த்த எண்கள், கை அளவு, என்ன வித்தியாசம், எல்லாவற்றையும் டாக்டருக்கு எழுதினேன். கீழே என் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

“இன்னிக்கே போகணும். நானும் வர்றேன். டாக்டர் எத குறைக்கச் சொல்றாரோ அததான் குறைக்கணும்.”

“சனிக்கெழம கூட்டமாச்சே. லீவு தர மாட்டாரும்மா” என்று மெதுவாகச் சொல்லி ரகுநாதனைப் பார்த்தார் அஞ்சலை.

நானும் அவரைப் பார்த்தேன்.

“போயிட்டு வாங்க” என்றார் ரகுநாதன். “மூடியெல்லாம் நானே பாத்துக்கிறேன்.”

“பாத்துக்கிறதுன்னா, போட்டுப் பாக்கணும் சார்” என்றேன். “மூடுதான்னு.”

அஞ்சலையை எழுப்பி நிறுத்தினேன். கொஞ்சம் தடுமாறினார். தோளைப் பிடித்துக்கொண்டு, வரிசையை விலக்கிக்கொண்டு, ஆட்டோ பார்க்க வெளியே வந்தோம்.